ஐரிஸ் மிஸ் கேட்ட இரண்டாவது கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் பூங்கா அமைப்புக் குழுத் தலைவர் திரு. கிறிஸ்துநாயகம் அவர்களே, மதகுருமார்களே, மறைந்த அம்மையாரின் பிள்ளைகளே, பெற்றோர்களே, உங்கள் துயரத்தோடு என் துயரத்தையும் சேர்த்து வணங்குகிறேன். நான் நமசிவாயம். நமது சிறுவர் பூங்காவின் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை.

தொழில்வழிச் சிகிச்சையாளர் திருமதி ஐரிஸ் நேசராஜா அவர்களை நாமெல்லாம் ஐரிஸ் மிஸ் என்றே அழைத்தோம். சத்தம் தாங்காத, வெளிச்சம் தாங்காத, யாராவது தொட்டால் துடித்துப்போகிற பிள்ளைகளோடு முப்பது வருடம் வேலை செய்தவர். அந்தப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஓர் இடம் கேட்டவர். என் வரைபடத்தைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா?

"தகரச் சறுக்கு வெயிலுக்குச் சுடும், நமசிவாயம். ஊஞ்சல் கிறீச்செண்டால் ஒரு பிள்ளை நாள் முழுக்க அழும். இதுகளை மாத்துங்கோ."

மாற்றினேன். எல்லாவற்றையும் மாற்றினேன்.

கடந்த மாசியில் பிள்ளைகளை முதன்முறையாக விளையாட விட்டோம். மணல் ஏற்றிய உழவு இயந்திரம் வந்தது. வாயிற்கதவைத் திறந்தவன் நான். மூட மறந்தவனும் நான். உள்ளே வந்த இயந்திரம் உறுமியதும், பிரசாந்தியின் மகள், ஏழு வயதுக் கோபிகா, காதுகளைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

பக்கத்துக் காணி வாழைத்தோட்டம். அதற்குள் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. நான் அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். கத்தக் கத்த அவள் விரைவாக ஓடினாள். கிணற்றின் விளிம்பில்தான் நின்றாள். அவள் காலடி மண் உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. இன்றும் கேட்கிறது.

பின்னால் வந்த ஐரிஸ் மிஸ் என் சட்டையைப் பிடித்தார். "கத்தாதேங்கோ. கிட்டப் போகாதேங்கோ."

அவர் தோட்டத்து வாய்க்கால் ஓரம், பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் போய் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். ஈர மண்ணை அள்ளித் தன் பாதங்களின் மேல் போட்டு மெதுவாக அழுத்தினார். கோபிகாவைக் கூப்பிடவில்லை, பார்க்கவுமில்லை. மண்ணின் பாரம் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் போனதோ, நான் அறியேன். கோபிகா வந்தாள். தன் காலையும் மண்ணுக்குள் நீட்டினாள்.

பிள்ளையைத் தாயிடம் கொடுத்த பிறகு மிஸ் என்னிடம் சொன்னார்: "நானும் பயந்துதான் போனன். என்னைப் பிடிச்சு எழுப்புங்கோ."

அன்று அவர் கேட்டது ஒன்றுதான். ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும்படி, வாயிலில் இரண்டாவது கதவு. இறப்பதற்கு முதல் நாளும் தொலைபேசியில் அந்தக் கதவைப் பற்றியே கேட்டார்: "கேற் வந்திட்டுதே?"

"இல்லை மிஸ், வாற கிழமை."

அந்த அடுத்த வாரத்தைக் காண அவர் இல்லை. கதவு இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மேளம், ஒலிபெருக்கி, வெடி. குழு இதை முடிவு செய்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். ஏன் வாய் திறக்கவில்லை? தலைவர் என்ன நினைப்பாரோ, வேலை போய்விடுமோ என்று பயந்தேன். இப்போதும் பயப்படுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமையை நினைத்தால் அதைவிடப் பயமாயிருக்கிறது. இனி ஒரு பிள்ளை ஓடினால், வாய்க்கால் ஓரம் போய் உட்கார யார் இருக்கிறார்? எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது கதவு போடுவது மட்டும்தான்.

தலைவர் அவர்களே, பூங்காவின் சாவி என்னிடம் இருக்கிறது. இரண்டாவது கதவைப் பொருத்தும்வரை அதை யாரிடமும் தரமாட்டேன். ஐரிஸ் மிஸ்ஸின் பெயரால் இந்தச் சபை முன் சொல்கிறேன்.

பிரசாந்தி, என்னை மீறித் திறந்தாலும் வெள்ளிக்கிழமை கோபிகாவைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. கேற் போட்ட பிறகு நானே வீட்டை வந்து சொல்லுறன்.