சீசா சோதனை

அச்சடித்த நோட்டீசை மாற்றுவது எனக்குப் பிடிக்காது. மாகறல் கிராமத்தில் நடந்ததற்கு அதுதான் மூலகாரணம்; குறித்துக்கொள்ளுங்கள்.

1970இல் நான் வேளாண்மை விரிவாக்க ஊழியன். பூச்சி ஒழிப்பு வாரத்தையும் இலைவழி உரப் பிரசாரத்தையும் ஒரே வயலில், ஒரே நாளில் விழாவாக நடத்தி முடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. 'ஒரே தெளிப்பில் இரு பலன்' என்று ஐந்நூறு நோட்டீஸ் அடித்தேன். வாசகம் என்னுடையது. நன்றாகவே இருந்தது.

பூச்சி மருந்தையும் திரவ உரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கலக்கக் கூடாது. முதலில் ஒரு சீசாவில் கொஞ்சம் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். விழாவன்று காலையிலும் கலந்து வைத்தேன். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக அடியில் தங்கியது. சீசாவைப் பையில் போட்டுக்கொண்டு, டிரம்மில் கலக்கச் சொன்னேன்.

தலைமை விருந்தினருக்கு அவசரம். காஞ்சிபுரத்தில் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும். புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம் வேறு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவர்.

தெளிப்பானைச் சுமந்தவன் தேவசகாயம் என்ற கூலியாள். நாலடி போவதற்குள் நின்று, மருந்து பீச்சும் முனையைக் காட்டினான்.

"கட்டி கட்டியா வருது ஐயா. நாசில் அடைச்சிக்கினு இருக்குது."

"வாயால ஊதி விடுப்பா. பெரியவங்க நின்னுக்கினு இருக்காங்க."

அவன் மனைவி ஜெயம்மாள் வரப்பிலிருந்து கேட்டாள்: "அதுல வாய் வைக்கக் கூடாதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

"அது பாடம்மா. இது விழா."

ஏழு முறை ஊதினான். கைதட்டல் பலமாக இருந்தது. விருந்தினர் கிளம்பிப் போன பிறகுதான் நுரை தள்ளி விழுந்தான். அந்த மட்டில் விழாவைக் கெடுக்கவில்லை. எங்கள் ஆபீஸ் ஜீப் மாலைகளையும் பழத்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு அவர் காருக்குப் பின்னாலேயே போயிருந்தது. அவனை மாட்டுவண்டியில் ஏற்றினோம். வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. நல்ல உழைப்பாளி. எனக்கு வருத்தம்தான்.

'எச்சரித்தும் கேளாமல் ஊதினான்' என்று அறிக்கை எழுதியது நான். அதைப் படித்துக் காட்டாமல் ஜெயம்மாளிடம் கைநாட்டு வாங்கியதும் நான். அவனைக் கொன்றது நான்தான் என்றும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் விசாரணைத் தாளில் 'சோதனை செய்யாமல் கலந்தார்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். சீசா இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சோதித்துப் பார்த்த பிறகுதான் கலந்தேன்.