விருந்தாளி எங்கே தங்கியிருக்கிறார்?

எனக்கு ஆஸ்பத்திரியில் காத்திருப்பது பிடிக்கும், மேடம். நம்பர் கூப்பிடும் வரை யாரும் நம்மை எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தன் வயிற்றுக் கோளாறைக் கதை கதையாகச் சொல்வார், நாம் உச்சுக் கொட்டலாம். மடியில் ஒரு குழந்தையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், போகிற வருகிறவர்கள் எல்லாம் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பொதுவாக யாரும் பார்க்காத ஆள்.

ஒரு தங்கும் விடுதியின் பின்கட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை எனக்கு. இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அறைக்குத் திரும்பினால் பேசுவதற்கு ஆளே கிடையாது. கல்யாணம் கூடிவரவில்லை, அதில் எனக்குப் புலம்பல் ஒன்றும் இல்லை. தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், இவ்வளவுதான் என் மனிதர்கள். விடுமுறையில் போவேன், சாப்பிடுவேன், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

குழந்தைக்கு ஏழு வயது. சுண்டெலி என்று கூப்பிடுவோம். ஒரு நாள் திடீரென்று இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். இடுப்பு வலிக்கிறது என்றாள். விழவும் இல்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. தம்பி பேருந்து ஓட்டுநர், அவன் மனைவிக்கு ஒரு பேக்கரியின் கல்லாவில் வேலை, இருவருக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. எனக்குப் போன் வந்தது.

“அக்கா, கொஞ்ச நாள் வந்து இருக்க முடியுமா? அவளுக்கு என்னன்னு தெரியுற வரைக்கும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியில் தலையணை உறையை வைத்தேன், மாற்றுத் துணியை மறந்தேன். பேருந்தில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து எதிர் இருக்கைக்காரர், “என்னம்மா, நல்ல சேதியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

அந்த வீட்டில் நான் சிரித்த சிரிப்பை என் ஆயுசில் சிரித்ததில்லை. தம்பி வேலையிலிருந்து வந்ததும் பயணிகளைப் போல நடித்துக் காட்டுவான். அவன் மனைவி விற்காமல் மிஞ்சிய பன்களைக் கொண்டுவந்து என் தட்டில்தான் முதலில் வைப்பாள். சுண்டெலி என் கைமேல்தான் தூங்குவாள், கை மரத்துப் போனாலும் எடுக்க மாட்டேன். வீட்டுக்குள் நடக்கும்போது என் கால் தரையில் பாவவில்லை.

முதல் முறை பார்த்த டாக்டர் நிதானமான மனிதர். இடுப்பு மூட்டுதான் என்று உறுதியானால் ஸ்கேன் எடுத்துச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம், அதற்குள் குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி தன் கணவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“என்னன்னு தெரிஞ்சதும் அக்காவ அனுப்பிடலாங்க. பாவம், அவங்களும் எத்தன நாளுதான் நமக்காகக் கஷ்டப்படுவாங்க.”

நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விருந்தாளி விளையாட்டை அப்போது நான் கண்டுபிடிக்கவில்லை, அதற்கும் முன்பே கண்டுபிடித்திருந்தேன். இதை நீங்கள் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அழுகிற பிள்ளையைச் சிரிக்கவைக்கத்தான் ஆரம்பித்தேன். வலி என்பவர் ஒரு விருந்தாளி, இடுப்பு அவருடைய வீடு, ஆனால் அவருக்கு ஊர் சுற்றுகிற புத்தி. “விருந்தாளி இன்னிக்கு எங்க தங்கியிருக்காரு?” என்று கேட்பேன். “முட்டியில” என்பாள். நான் அவள் முட்டியில் காதை வைத்து, உள்ளே குறட்டைச் சத்தம் கேட்கிறது என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். அழுகை நின்றுவிடும். எந்த மருந்தும் அதைச் செய்யவில்லை, மேடம்.

அடுத்த முறை டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் சுண்டெலி என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, முட்டியைக் காட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முட்டிக்குப் படம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை, இன்னும் சில நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். திரும்பும் வழியில், வேலை முடிந்து வந்து சேர்ந்துகொண்ட தம்பி தயங்கித் தயங்கி, “இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறியாக்கா?” என்றான். எனக்கு அந்தத் தெருவிலேயே ஆட வேண்டும்போல் இருந்தது. ஆடவும் செய்தேன், சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஒரு சுற்று சுற்றினேன்.

அதன் பிறகு விளையாட்டுக்கு ஒரு விதி சேர்த்தேன். டாக்டரிடம் விருந்தாளியின் வீட்டைக் காட்டிக்கொடுத்தால் ஆட்டம் அவுட். காட்டிக்கொடுக்காவிட்டால் நான் வீடு முழுக்கக் குரங்கு நடை நடந்து காட்டுவேன். சுண்டெலிக்குத் தோற்பது பிடிக்காது, எங்கள் குடும்பத்தில் யாருக்குமே பிடிக்காது. ஒரு முறை முதுகு என்றாள், ஒரு முறை கணுக்கால் என்றாள். டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒருவர் அவள் தொடையைப் பிடித்து மெல்ல உள்பக்கமாகத் திருப்பியபோது முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, “கூசுது” என்றாள். அப்படி ஒரு கெட்டிக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்று நான் குரங்கு நடையோடு கரடி நடையும் நடந்தேன்.

சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். காய்ச்சலோடு போனால் பிள்ளை துவண்டுவிடுவாள், விளையாட்டில் சுரத்து இருக்காது. அதனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுப்பேன். காய்ச்சல் உண்டா என்று டாக்டர் கேட்டால், தொட்டுப் பாருங்களேன் என்பேன். அது பொய் இல்லை. நான் எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை என்பதை நீங்களே பார்க்கலாம். வலியை உண்டாக்கியதும் நான் இல்லை. வந்த வலியை நாலு இடம் சுற்றிக் காட்டினேன், அவ்வளவுதான்.

எல்லோரும் கவலைப்பட்டார்கள், நானும் பட்டேன். ஆனால் கவலைப்படும்போது அவர்கள் என் தோளில்தான் சாய்ந்தார்கள். அக்கா இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று தம்பி மனைவி ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, சமையலறைக்குள் போய், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்தேன். சந்தோஷத்தில்தான், வேறு எதற்கும் இல்லை.

நேற்றுக் காலை சுண்டெலியால் எழுந்து நிற்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் பின்னால் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். புதிதாக ஓர் இளம் பெண் டாக்டர், எங்கே வலிக்கிறது என்று கேட்டாராம். சுண்டெலி அவர் காதருகில் சொன்னதை அந்த டாக்டரே பிறகு தம்பியிடம் சொன்னார்.

“அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க. விருந்தாளி வீட்டுலதான் இருக்காரு. எங்கயும் போகவே இல்ல.”

மூட்டுக்குள் சீழ் கட்டி எலும்பின் தலையை அரித்துவிட்டது என்கிறார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் என்று ஏதோ சொன்னார்கள், ஆரம்பத்திலிருந்தே வந்துகொண்டுதானே இருக்கிறோம். ஆபரேஷன் முடிந்தது. உயிருக்குப் பயமில்லையாம். ஆனால் அந்தக் கால் இனிப் பழையபடி இருக்காது, வருஷக்கணக்கில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கும் என்றார் பெரிய டாக்டர். அதைக் கேட்டதும்தான் நான் வராந்தாவில் சிரித்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்துத் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். இளம் டாக்டர் அவனிடம் பேசிய பிறகு கையை எடுத்துவிட்டான். பாவம், களைப்பு.

நீங்கள் கேட்டதற்கு எல்லாம் ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லாதபடி பார்த்துக்கொண்டது நான்தான். காய்ச்சலை மறைத்ததும் நான்தான். கையெழுத்தும் போட்டுவிடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஒன்று மட்டும், மேடம். பிள்ளையை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவர்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். தூக்கி ஏற்றி இறக்க வீட்டோடு ஆள் வேண்டும் இல்லையா, அதனால் விடுதி வேலையை விட்டுவிட்டேன் என்று இன்று காலையில் போன் செய்து சொல்லிவிட்டேன்.