எலுமிச்சைக்கு ஒரு சட்டை

— மாப்ள, இலை கூட்டுனது போதும். விளக்குமாத்தப் போட்டுட்டு இந்த நுனியப் பிடிங்க.

— என்ன மாமா இது கூத்து? காலையில பனியனோட நின்னு வேல பாத்தோம், இப்போ விரல் மடங்க மாட்டேங்குது. கொடியில போட்ட துணியெல்லாம் அட்ட மாதிரி விறைச்சு நிக்குது.

— துணி கெடக்கட்டும். ராத்திரி உறைபனி விழும்னு ரேடியோவுல சொல்லிட்டான். பெரிய மரங்க தாங்கிக்கும், இந்த எலுமிச்சை தாங்காது.

— அதுக்காக ஹால் திரையவே கழட்டிட்டீங்களா?

— ஆயுசு பூரா தையக்கடை வச்சிருந்தவன் நான். இருக்குற துணியில உடுப்ப முடிக்கத் தெரியாதா? இருங்க, கயிறு தேடி எடுத்துட்டு வர்றேன்... ம், பாருங்க, மேல கவுத்து, நடுவுல சுருக்கு வச்சு, தண்டோட சேத்து இறுக்கிக் கட்டிட்டேன். அளவெடுத்த மாதிரி உக்காந்திருச்சு.

— அழகாத்தான் இருக்கு. சரியா இருக்கான்னுதான் தெரியல. நான் பஸ் ஓட்டுறவன், எனக்குச் செடியும் தெரியாது, கொடியும் தெரியாது. உங்க பொண்ணக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிருவா.

— வேணாம், மாப்ள. அவள விட்டுருங்க.

— இன்னும் எவ்வளவு நாள் விடுறது? புள்ள செத்துப் பொறந்ததுலேர்ந்து அந்த ரூம விட்டு வெளிய வரல. என்கிட்ட ஒரு பேச்சு இல்ல. லாட்ஜுல வேல பாக்குறவன் மாதிரி சாப்பாட்டுத் தட்ட வாசல்ல வச்சுட்டு வர்றேன், மாமா.

— எனக்கும் தெரியும். அதான் இவ்வளவு பாடு. வயித்துல புள்ள இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு அவ கையால வச்ச கன்னு இது. இதுவும் கருகிருச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால போய் நிக்கிறது?

— சரி, அழாதீங்க. அந்தப் பக்கம் ஒரு கிளை வெளிய தெரியுது பாருங்க. அதுக்கு மேல ஒரு போர்வையும் வேணும்.

— வீட்டுல கனமான போர்வை ஒண்ணுதான். அத அவ போத்திட்டுப் படுத்திருக்கா.

— அவளையே கூப்பிட்டுப் பாத்துட்டேன்.

— எப்போ?

— நீங்க கயிறு தேடிப் போனப்ப. ஜன்னலத் தட்டி, உன் மரம் குளிர்ல நிக்குது, நாங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு நிக்கிறோம், வந்து பாருன்னேன். செவுத்தப் பாத்துப் படுத்தவ, திரும்பக்கூட இல்ல.

— மனசு விடாதீங்க. இந்தாங்க, என் ஸ்வெட்டரச் சுத்துவோம்.

— நல்லா இருக்கு. நாளைக்கு நீங்களும் படுத்துட்டா, உங்களுக்கும் நான்தான் தட்டு வைக்கணும்.

— வாய மூடிட்டுப் பிடிங்க, மாப்ள. இருங்க, பின்கதவு சத்தம் கேக்குது.

— காத்து மாமா. அந்தத் தாழ்ப்பாள் எப்பவும் லூசு.

— காத்து செருப்பு மாட்டிக்கிட்டு வராது.

— ஏன்ப்பா, மரத்துக்குப் போயி யாராவது இடுப்பப் பிடிச்சுத் தைப்பாங்களா? மண்ணுல இருக்குற சூடு மேல ஏற வேணாமா? கயித்த அவுத்து, துணியத் தரை வரைக்கும் தொங்க விடுங்க. ஏங்க, நீங்களும் நின்னு பாக்காம இதப் பிடிங்க, என் போர்வை, இன்னும் சூடு ஆறல.