அலுமாரிக்குள் ஐந்து மணி

எனக்குச் சீனி தூவிய கிம்புலா பணிஸ் என்றால் உயிர், சார்ஜன்ட் ஐயா. இதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பேக்கரிப் பாண் வண்டிக்காரர் மீரா முகைதீனோடு எனக்கு எந்த விரோதமும் இருந்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நீங்கள் தமிழில் எழுதச் சிரமப்படுவது தெரிகிறது. மெதுவாகவே சொல்கிறேன். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன், வயது ஐம்பத்தாறு. என் மகன் றொகான் நான்கு வருடமாக இத்தாலியில் இருக்கிறான், வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பான். "சாப்பிட்டியா?" "ஓம் டடா." "குளிரா?" "இல்ல டடா." அதற்குப் பிறகு அவன் மூச்சு விடுவதை நானும் நான் மூச்சு விடுவதை அவனும் கேட்டுக்கொண்டிருப்போம்.

போன வருடம் தான் விளையாடும் துப்பாக்கி விளையாட்டை என் போனிலும் இறக்கச் சொன்னான். நான்கு பேர் கொண்ட குழு, அவன்தான் தலைவன். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு கதைத்தபடியே சுடலாம். எனக்குச் சுட வராது. பெரும்பாலும் புதர்ப் பற்றைக்குள் படுத்திருப்பேன். ஒருநாள் அவனும் வந்து என் பக்கத்தில் படுத்தான். எதிரி வரும்வரை மூன்று நிமிடம் கிடைத்தது. தான் பார்த்துவந்த கிழவர் அன்று காலை செத்துப்போனதையும், தானே குளிப்பாட்டி உடுப்பு மாற்றியதையும் அப்போதுதான் சொன்னான். "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுட்டேன் டடா" என்றான். நான்கு வருடத்தில் போனில் அப்படி ஒரு கதை வந்ததில்லை. பிறகு எங்கள் இரண்டு பேரையும் சுட்டுவிட்டார்கள்.

அந்தப் பற்றைக்காகத்தான், ஐயா, மற்ற எல்லாம்.

அவனுக்கு வேலை இடைவேளை எங்கள் ஐந்து மணிக்கு. மீரா முகைதீனின் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருவதும் அதே ஐந்து மணிக்கு. "டடா, உங்கட மைக்கால பாண் வண்டி வருது. எதிரி நடக்கிற சத்தம் ஒருத்தருக்கும் கேக்குதில்ல" என்றான் றொகான். அந்த விளையாட்டில் தலைவன் நினைத்தால் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போடலாம். கோடு விழுந்தவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே போகாது. குழுவில் ஷானிகா என்றொரு பிள்ளை, அவளுடைய குக்கர் விசில் அடித்ததற்காக ஒரு கிழமை கோடு போட்டான். நீதியான பிள்ளை.

நான் செய்யாத வித்தை இல்லை. மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தேன். வலை மிதப்பில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் மாட்டினேன். இரைச்சல் குறைக்கும் அமைப்பை உச்சத்துக்குக் கூட்டினேன். பாணோடு சேர்ந்து என் குரலும் போய்விட்டது. பேசும்போது மட்டும் அழுத்தும் பொத்தான் ஒன்று உண்டு, ஆனால் நடக்க ஒரு பெருவிரல், சுட ஒரு பெருவிரல் போனால், எனக்கு ஆண்டவர் தந்தது அவ்வளவுதான். கடைசியில் அலுமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். சேலைகள் சத்தத்தைக் குடித்துவிடும். என் மனைவி கத்தரினா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்ன, பாவசங்கீர்த்தனமா? சாமியாரையும் கூப்பிடவா?" என்று கேட்டாள். "எறால் வலையும் உள்ளயா வச்சிருக்கிறீங்க, என்ட கல்யாணச் சேலை நாறுது" என்றும் சொன்னாள். அது அநியாயம். நாறியது நான்தான்.

அலுமாரிக்குள் போன முதல் கிழமை, மார்ச் மாதத் தலவிலக் கோயில் திருநாள் சமயம், றொகான் குறை சொல்வதை நிறுத்திவிட்டான். நான் எதைச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்பான். ஆனால் பாண் பாட்டு எனக்கு மெல்லியதாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கேட்டால் அவனுக்கும் கேட்கும். தகப்பன் என்பதற்காகப் பொறுத்துக்கொள்கிறான் என்று விளங்கியது. பிள்ளையைப் பொறுக்கவைப்பது சரியில்லை.

மீரா முகைதீனின் ஸ்பீக்கரைப் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, உள்ளே ஒரு வயரை எடுத்துவிட்டேன். அவர் எனக்கு இரண்டு பணிஸ் சும்மா தந்தார். அடுத்த நாளிலிருந்து, "பாண் பாண் பாணேய்" என்று சொந்தக் குரலில் கூவத் தொடங்கினார். அது மைக்கில் இன்னும் தெளிவாக விழும். அதனால் அவருடைய பாணில் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று இறங்குதுறையில் இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டே பேர்தான், ஐயா. ஒன்பதாம் நாள் அவர் எங்கள் ஊருக்கு வருவதை விட்டுவிட்டார். கடைசி நாள் என் வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணன், நான் யாருக்கு என்ன செஞ்ச? நீங்களாவது சொல்லுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றும் இரண்டு பணிஸ் வாங்கினேன்.

மிச்சம் இருந்தது கடற்றொழிலாளர் சங்கத்தின் ஒலிபெருக்கி. காற்று, கடல் நிலைமை எல்லாம் ஐந்து மணிக்குத்தான் வாசிப்பார்கள். கம்பத்தில் ஏறி வயரை அறுத்தது நான்தான். மே மாதம் பதினோராம் திகதி. யாருக்கும் ஷொக் அடித்துவிடக் கூடாது என்று, அறுத்த முனைகளுக்கு டேப் சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன். ஊரில் அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றுகிறவன் நான் ஒருவன் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

பதினான்காம் திகதி சங்கத் தலைவர் புயல் எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டிரண்டு தடவை வாசித்தாராம். முன்னால் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால், ஊரே கேட்கிறது என்று நினைத்திருக்கிறார். பாவம், அந்த மனுசன் அறைக்குள் தனியாக இருந்து எவ்வளவு நேரம் கதைத்திருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஆறு மணிக்கு என் மச்சான் சாள்ஸும் அவனோடு தொழிலுக்குப் போகும் ஜெயந்தனும் படகை இறக்கினார்கள். சாள்ஸ் கத்தரினாவின் ஒரே தம்பி. அடுத்த நாள் ஐந்து மணிக்கு அவள் அலுமாரியைத் தட்டினாள். "தம்பி இன்னும் வரல்ல. எல்லாரும் கரையில நிக்கிறாங்க. வெளிய வாங்க." நான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "இந்த ஆட்டம் முடியட்டும்" என்றேன். அன்று றொகான் என் பற்றைக்குப் பக்கத்தில் நின்றான். அவனுடைய மாமா கடலில் இருப்பதை அவனுக்குச் சொன்னேன். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் விலகி நடந்தான். துக்கத்தில் பேச்சு வராது.

மூன்றாம் நாள் கற்பிட்டிப் படகொன்று அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. ஜெயந்தன் சிலாபம் ஆஸ்பத்திரியில், கால் முறிவு. சாள்ஸ் உதடு வெடித்து, கண் சிவந்து, எங்கள் குசினியில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, பாண் இருக்கா?" என்று கேட்டான். ஊரிலேயே பாண் இருக்கவில்லை. பசி ஆறியதும் அவன்தான் கம்பத்தில் ஏறிப் பார்த்தான். டேப்பைக் கண்டு என் பெயரை உங்களுக்குச் சொன்னவனும் அவன்தான்.

என் போனில் என் பெயருக்குப் பக்கத்தில் கிடக்கும் சிவப்புக் கோட்டைக் காட்டிக் கேட்கிறீர்கள். ஓம், தலவிலத் திருநாள் கிழமையிலிருந்து கிடக்கிறது. மற்றவர்களுக்கு விழுந்தால் அது என்ன என்று சொன்னேன். தகப்பனுக்கு மகன் போட்டது வேறு ஏதாவதாக இருக்கும். நான் கேட்கப் போகவில்லை.

ஐந்தாக இன்னும் ஐந்து நிமிடம். எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன். போனையும் ஹெட்செட்டையும் மட்டும் கொஞ்ச நேரம் தாருங்கள், ஐயா. உங்கள் சிறைக்கூடு எங்கள் அலுமாரியை விட அமைதி. இங்கிருந்து கதைத்தால் றொகானுக்கு நன்றாகக் கேட்கும்.