நண்டுக் குழம்பும் நாகராசும்

நண்டுக் குழம்புக்குக் கடல்நீரையே ஊற்றிவிட்டால் உப்புப் போட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு ஐயா. குழம்பு கசந்துபோகும். நல்ல தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டும். நான் அப்படித்தான் வைத்தேன். ரத்தினவேலும் திருப்பதியும் சட்டியை வழித்து நக்கினார்கள். அவர்களை விசாரித்தாலும் இதையேதான் சொல்வார்கள்.

நாகராசு மட்டும், "உப்புக் கூடிப்போச்சு" என்றார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

நான் புதுக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ரத்தினவேல் பஸ் கண்டக்டர். திருப்பதி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், நன்றாகப் பாடுவான். நாகராசு சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா. எங்களுக்கு மூத்தவர், படித்தவர். வருஷா வருஷம் மாசியில் ஒரு சனிக்கிழமை கோட்டைப்பட்டினம் வந்து, வத்தைப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கடலுக்குள் இருக்கும் அந்த மணல்திட்டில் இரவு தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவோம். இதைத் தொடங்கியவன் நான். என் தாயார் பிறந்தது இந்தக் கரைதான். கழி ஊன்றி வத்தை தள்ளுவது எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். கூடாரத் துணி, பாத்திரம், விறகு எல்லாம் என் பொறுப்பு. வருஷம் முழுக்க மற்றவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "திட்டுக்கு எப்பப் போறோம்?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

இந்த வருஷம் வத்தைக்காரர் ராக்கன் என்னைத் தனியே அழைத்து, "பௌர்ணமி வருதுங்க. ஞாயித்துக்கெழம வெயில் சாயிறதுக்குள்ள கெளம்பிருங்க. வாடையும் சேந்து அடிச்சா திட்டே முங்கிப்போகும்" என்றார். சரி என்றேன். மற்றவர்களிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்க வந்தவர்களை எதற்குப் பயமுறுத்துவது?

ஏறும்போதே நாகராசு ஆரம்பித்தார். "இந்த வத்தை நாலு பேரு கனம் தாங்குமா கண்ணுசாமி?" என்றார். தாங்கியது. கூடாரம் கட்டினால் கோணல் என்றார். சோற்றில் மணல் என்றார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஆகையால் நாங்கள் குளிக்கும்போது கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு, நாங்கள் நீந்துவது எருமை நீந்துவதுபோல இருக்கிறது என்றார். ரத்தினவேல் உடனே எருமைபோலக் கத்திக்கொண்டு தண்ணீரை விட்டு எழுந்து அவரைத் துரத்தினான். குடை ஒரு பக்கம் பறக்க, வேட்டி ஒரு பக்கம் அவிழ, நாகராசு திட்டைச் சுற்றி ஓடினார். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மன்னிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் குழம்பு சாப்பிடும்போதுதான் அவர் சொன்னார். "அடுத்த வருசம் குத்தாலம் போவோம்டா. எனக்கு அங்க ஆளு இருக்கு, நல்ல ரூமு கெடைக்கும். நானே எல்லாத்தையும் ஏற்பாடு பண்றேன். எத்தன தடவதான் இந்த மணல்லயே உருள்றது?"

திருப்பதி, "ஆமாண்ணே, அருவியில குளிக்கலாம்" என்றான். ரத்தினவேலும் தலையாட்டினான்.

நான் எல்லாருக்கும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். எனக்குக் கோபம் இல்லை. குற்றாலம் நல்ல ஊர்தான். இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்: குற்றாலத்துக்காக நான் எதையும் செய்யவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் நாகராசு படுக்க இடம் தேடினார். "அண்ணே, அங்கிட்டு அந்தக் கோடியில காத்து நல்லா வரும். குடைய நட்டுத் தாரேன், தூங்குங்க. கெளம்பறப்ப எழுப்புறேன்" என்றேன். திட்டின் நடுவில் மணல் மேடாக இருப்பதால் அந்தக் கோடி கூடாரத்திலிருந்து தெரியாது. தாழ்வான இடம். அங்கேதான் நீர் முதலில் ஏறும். மணலைத் தட்டிச் சமமாக்கி, துண்டை விரித்துக் கொடுத்தேன். "இப்பத்தாண்டா ஒரு காரியத்தை ஒழுங்காப் பண்ணியிருக்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மற்ற இருவரும் குளித்துவிட்டு வந்தபோது நான் சாமான்களை வத்தையில் ஏற்றியிருந்தேன். "நாகராசண்ணன் எங்க?" என்று கேட்டார்கள். "நண்டு பிடிக்கிறவங்க வத்தை இங்கிட்டு வந்துச்சு. அதுல ஏறி முன்னாடியே போயிட்டாரு. வயிறு சரியில்லயாம்" என்றேன். "நண்டு பழிவாங்கிருச்சு" என்று ரத்தினவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வாடைக்காற்று எழும்பியிருந்தது. மூன்று பேருக்கே வத்தை ஆடியது. நாலு பேர் கனம் தாங்காது என்று அவரே சொன்னாரே. அவர் வாக்கை நான் மதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வரும்போது நாலு பேராகத்தானே வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். வரும்போது காற்று இல்லை ஐயா.

இரண்டாவது கேள்வி, மறுபடி போய்ப் பார்க்க நேரம் இருந்ததா என்பது. இருந்தது. கரைக்கு வந்தபோது வெயில் நன்றாகவே இருந்தது. ராக்கன் கரையில் இல்லை. பஸ் நின்றிருந்தது. மற்றவர்கள் களைத்துப்போயிருந்தார்கள். கடையில் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவு நல்லா எந்த வருஷமும் இருந்ததில்லை என்று திருப்பதி சொன்னான். குற்றாலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களை விட்டுவிடுங்கள். திட்டைவிட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் ரத்தினவேல் மட்டும் காதைத் திருப்பி, "யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கேப்பா?" என்றான். கடற்காக்கை என்றேன். திருப்பதியைப் பாடச் சொன்னேன். இன்னும் உரக்க என்றேன். அவன் பாட, ரத்தினவேல் குடத்தில் தாளம் போட, நானும் கழியை ஊன்றிக்கொண்டே கூடப் பாடினேன்.

கடற்காக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் பின்பக்கம் நின்றதால் தெளிவாகவே கேட்டது. ரத்தினவேல் பெயரையோ திருப்பதி பெயரையோ அவர் சொல்லவில்லை. "கண்ணுசாமி, கண்ணுசாமி" என்று என்னை மட்டும்தான் கூப்பிட்டார். எங்களை அழைத்துப்போகிறவன் நான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. கேட்க நிறைவாக இருந்தது.