எறும்புக்கு ஒரு புள்ளி

விடுமுறை நாளில் புரோகிராம் எழுதுகிறவர்களை ஒரு வேலைக்கு உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை, ஐயா. இந்த ஊர்க் கோடிங் குழுவை நடத்துகிறவன் நான். போட்டி என்று அறிவித்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். "நீ வந்தாத்தான் மத்தவங்களும் வருவாங்கப்பா" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

எனக்கு வேறு வழி இல்லை. லாரிகளை இன்னும் சீக்கிரம் இறக்கிக் காட்டு, இல்லாவிட்டால் நீ இருக்கும் கம்ப்யூட்டர் பிரிவையே மூடிவிடுவேன் என்று கிடங்கு முதலாளி சொல்லிவிட்டார். அப்பா மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தார். அவர் போனபின் அதே கிடங்கில் அண்ணன் தூக்கினான். பள்ளி விடுமுறைகளில் நானும் தூக்கியிருக்கிறேன். மறுபடி அங்கே போய் நிற்க என் முதுகில் தெம்பில்லை.

போட்டிக் கணக்கைக் கதையாகச் சொல்வது வழக்கம். நான் எறும்புக் கதை எழுதினேன். எறும்புகள் மூட்டை சுமக்கின்றன. எதற்கு எப்போது ஓய்வு கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்? எறும்பு களைக்கும் வேகம் மட்டும் நிஜம். அண்ணன் கையில் நான் கட்டிவிட்ட கடிகாரத்திலிருந்து எடுத்தது.

"எனக்கெதுக்குடா வாட்ச்சு? மணி பாத்தா மூட்டை தானா எறங்கிடுமா?"

"நாடி பாக்கும்ணே. உடம்புக்கு நல்லது, கட்டிக்க."

குழுவில் வாத்து என்று கூப்பிடப்படும் பெண் கேட்டாள்: "அண்ணா, எறும்பு செத்துப்போச்சுன்னா எத்தனை புள்ளி கழிப்பீங்க?"

"ஒண்ணு."

"அவ்ளோதானா? அப்ப சாகட்டும்னு விட்டுட்டு வேற எறும்பக் கூப்பிட்டுக்கலாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள்தான் ஜெயித்தாள்.

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அவளுக்கு அது எறும்பு. அவள் புரோகிராம் களைத்த எறும்புக்கு ஓய்வே தரவில்லை. அது தேறி வர நேரமாகும், வீண். ஓய்வையெல்லாம் தெம்பாக இருப்பவற்றுக்குக் கொடுத்தது. படித்ததுமே எனக்குப் புரிந்தது. எறும்பு என்று இருந்த இடத்தில் சுமைக்காரர்களின் பெயர்களைப் போட்டுக் கிடங்கில் ஓடவிட்டேன்.

அந்த வாரமே அண்ணன் வெயிலில் கொதித்த கண்டெய்னருக்குள் விழுந்தான். விழுவதற்கு முன்பே கடிகாரம் என் போனுக்கு எச்சரிக்கை அனுப்பியது. கீழே ஓடி நிறுத்தியிருக்கலாம். முதலாளி என் பக்கத்தில் நின்று கம்ப்யூட்டர் திரையில் லாரிகள் இறங்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாதிச்சிட்டப்பா" என்றார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தெரியாமல் நடந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். போட்டியை அறிவிப்பதற்கு முன் நானே தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாவுக்கு ஐம்பது புள்ளி கழித்தால் முதலாளி கேட்ட வேகம் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. ஒன்றுக்கு வந்தது.

ஆனால் ஈரமில்லாதவன் என்று மட்டும் என்னைச் சொல்லக்கூடாது. அண்ணனை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்குப் போய், அந்த ஒன்றை இரண்டாக மாற்றினேன். கூடப் பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?