செங்கல்வராயனின் ட்யூப் லைட்

கரண்ட் இப்போதைக்கு வராது. மாடியில் காற்றாவது வருகிறது... நெருங்கி உட்காருங்கள். நடந்த விஷயம் இது. நம்ம செண்பகம் இருக்கிறாளே, அவளுடைய நாத்தனார் மெர்சிக்கு நடந்தது.

ராத்திரி பதினொன்றரை. எளாவூர் செக்போஸ்ட்டில் இறங்கி உள்ளே வரும் ரோடு. லாரிச் சத்தம் பின்னால் தேய்ந்துவிட்டது... கம்பெனிகள் பக்கமிருந்து இரும்பு கருகும் நாற்றம். ஷிப்ட் முடிந்த செங்கல்வராயன், மத்தியானம் பொன்னேரியில் வாங்கிய ட்யூப் லைட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு தனியாக வருகிறார். மெர்சி வீட்டெதிரே, ரோட்டோரப் பூவரச மரத்தடியில்...

தோளில் இருந்த ட்யூப் லைட் எரிந்தது.

ஒயர் இல்லை. சுவிட்ச் இல்லை. வெறும் கையில், பளீரென்று...

மனிதர் அதைப் புதரில் வீசிவிட்டு ஓடினார். செருப்பு ஒன்று அங்கே, ஒன்று அவர் வீட்டு வாசலில். விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, மெர்சி வீட்டில் பேய் என்று.

மெர்சி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்க்கிறவள். கல்யாணம் வேண்டாம், கம்பி போதும் என்றவள். ஹாம் ரேடியோக்காரி; வீட்டிலேயே சொந்த வயர்லெஸ். அரசாங்க லைசென்ஸ், ஆளுக்கு ஆள் வேறாகக் கொடுக்கிற அடையாள எழுத்தான கால்சைன் எல்லாம் உண்டு. ராத்திரியில் நீளமும் குட்டையுமாக மோர்ஸ் தட்டி, கண்காணாத தேசத்து ஆளோடு குசலம் விசாரிப்பாள்; பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். மாடியிலிருந்து சரிந்து இறங்கும் அவளுடைய ஏரியல் கம்பி அந்தப் பூவரசில்தான் கட்டியிருந்தது. அந்தக் கம்பிக்காகவே இரண்டு வீட்டுக்காரர்கள் அவளைக் கிளப்பியிருந்தார்கள். இது மூன்றாவது வீடு.

அப்போதுதான், சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தாள். மணவாள நகர் எபினேசர் என்ற பழைய ஹாம்காரருடையது. அவர் அதன் எதிரில் உட்கார்ந்தபடியே செத்தாராம்... விரல் மோர்ஸ் கீயின் மேலேயே இருந்ததாம். முகப்பில் ஒட்டியிருந்த அவருடைய கால்சைனை மெர்சி பிளேடால் சுரண்டி எடுத்தாள். வேறு யாராக இருந்தாலும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரி சம்பூர்ணம் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமா மெர்சி, ஒருத்தின்னு சொல்லிட்டு ரெண்டு பேரா குடியிருக்கே?"

"பேயும் இல்ல, பிசாசும் இல்லக்கா. திருவிழால மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் முன்னால வச்சா கூ...ன்னு கத்துதில்ல? அதேதான். வெளிய போறது உள்ள திரும்பி வந்து, யாரும் பேசாமயே தானா கத்துது; அந்த வேகம் கம்பி வழியா எறங்கித்தான் லைட்டு எரிஞ்சுது. ஆசிலேஷன்னு பேரு."

"அதுக்குப் பேரு வேற வச்சிக்கினியா! அமாவாசைக்குள்ள கம்பிய எறக்கு. இல்லன்னா ஊட்டைக் காலி பண்ணு."

மெர்சி சிரித்தாளாம். "அமாவாசைக்கே எல்லாரையும் கூட்டிக்கினு வாக்கா. செங்கல்வராயண்ணன் அதே ட்யூப் லைட்டோட மரத்தடியில நிக்கட்டும். எரிஞ்சா நானே காலி பண்ணிக்கினு போறேன். எரியலன்னா என் கம்பிய எவனும் தொடக் கூடாது."

அப்புறம் பெட்டியைப் பிரித்தாள். ப்ளக்கைப் பிடுங்கி, கழியில் கட்டிய எர்த் கம்பியால் உள்ளே தொட்டாள். டக்! தேங்கியிருந்த கரண்ட் செத்தது. எண்ணெய் டின்னை வெட்டி, உள்ளே வரும் ஒயருக்கும் வெளியே போகும் ஒயருக்கும் நடுவில் தகரச் சுவர் எழுப்பினாள். வால்வுகளின் தலையில் ரெசிஸ்டரைச் சுற்றிக் கம்பிச்சுருள் போட்டாள். அதையும் மீறித் திரும்பி வருவதை எதிர்த்து அமுக்க, ஒரு சின்னக் கண்டென்சர். அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியபடி பெட்டியோடு பேச்சு வேறு: "கத்துவியா? எங்க, இப்போ கத்து."

அமாவாசை. தெருவே வந்து நின்றது. சம்பூர்ணம் கையில் எலுமிச்சம்பழம். செங்கல்வராயன் மரத்தடியில், ட்யூப் லைட்டின் முனையைத் துண்டால் இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றார். ஷாக்குக்குப் பயந்து என்று எல்லாரும் நினைத்தோம்.

"அண்ணே, லைட்டு ஆடுது!" என்றாள் மெர்சி ஜன்னலிலிருந்து.

"காத்தும்மா..."

காற்றே இல்லை.

சுவிட்சைப் போட்டாள். கீயைத் தொடவில்லை, மைக் இல்லை. குமிழ்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினாள். முன்பெல்லாம் தானாக ஏறிய மீட்டர் முள் அசையவில்லை. மரத்தடியும் இருட்டாகவே இருந்தது.

கூட்டத்துக்குப் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். சம்பூர்ணம் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "சரி, இருந்துட்டுப் போ" என்றாள். செங்கல்வராயன் ட்யூப் லைட்டை மரத்தில் சாய்த்துவிட்டு முதல் ஆளாகப் போனார்.

மெர்சி ப்ளக்கைப் பிடுங்கினாள். எர்த் கம்பியால் தொட்டாள். டக்! சூடான வால்வுகளைத் துணியால் பிடித்துக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். விளக்கை அணைத்தாள்.

சுவரில் வெளிச்சம் விழுந்தது.

மரத்தடியில் ட்யூப் லைட் எரிந்தது... அணைந்தது... குட்டையாக மூன்று. நீளமாக ஒன்று. மோர்ஸ். அவளுடைய கால்சைனைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது.

மேஜைமேல் வால்வுகள் ஆறிக்கொண்டிருந்தன. தூசி கருகும் வாசனை.

நாமாக இருந்தால் போர்வைக்குள் போயிருப்போம். அவள் கதவைத் திறந்து, வெறுங்காலோடு போய் அதன் எதிரில் நின்றாள்.

"ரெண்டு ஊட்லேர்ந்து கிளப்பிட்டாங்க, நீ இன்னா என்னைக் கிளப்புறது? லைசென்ஸ் இருந்தா கால்சைன் சொல்லிட்டுப் பேசு. இல்லன்னா எடத்தைக் காலி பண்ணு."

இருட்டு. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை...

பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அது சொன்னது. அவள் பிளேடால் சுரண்டிய அதே கால்சைன்.

காலையில் செங்கல்வராயன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மெர்சிமா... சம்பூர்ணத்தாண்ட சொல்லிடாதே. மறுபடி கையில எரிஞ்சா உசுரு போயிடுமேன்னு... உடைஞ்சதைத்தான் எடுத்துக்கினு வந்தேன். அன்னிக்கு வீசினேன்ல, அப்பவே ஓட்டையாயிடுச்சு."

துண்டு பொத்தியிருந்த முனையில் விரல் நுழையும் ஓட்டை. காற்றுப் புகுந்த ட்யூப் லைட் என்ன செய்தாலும் எரியாது.

மெர்சி அன்று சாயங்காலமே புது ட்யூப் லைட் வாங்கி, சம்பூர்ணத்தின் கையிலேயே கொடுத்து மரத்தடியில் நிறுத்தி, மறுபடி சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை. கம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அவளும்தான்.

உடைந்ததைத் தூக்கி எறியச் செண்பகம் சொன்னதற்கு, "ஏன், கரண்ட் பில் வராத லைட்டு" என்றாளாம். ஜன்னலோரம் மாட்டியிருக்கிறாள்.

தெருவே இருண்டு கிடக்கிறது இல்லையா... இப்படி வந்து அந்தப் பூவரசுக்குப் பின்னால் பாருங்கள். ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம்.

குட்டையாக மூன்று... நீளமாக ஒன்று...